ஒரே நீரில் இரண்டு வேண்டுதல்

இங்கிலாந்தின் பாத் நகரில் உரோமர் கட்டிய வெந்நீர்த் தடாகம் இன்றும் இருக்கிறது. மெண்டிப் குன்றுகளில் என்றோ பெய்த மழை பூமிக்குள் ஆழ இறங்கிச் சூடேறி, 46 பாகை செல்சியஸில் ஊற்றாக மேலே வருகிறது. நாளொன்றுக்கு 11 இலட்சம் லீற்றருக்கும் அதிகம். நீரில் வாழும் அமீபா ஒன்றினால் 1978 இல் ஒரு சிறுமி இறந்தாள். அதன்பின் அந்தத் தடாகத்தில் எவரும் குளிப்பதில்லை.

அது நோய் தீர்க்கும் நீர் என்பதற்கு ஒரு கதையுண்டு. பிளாடட் என்ற இளவரசனைக் குஷ்டம் பற்றியது. அரண்மனையால் ஒதுக்கப்பட்டவன் பன்றி மேய்த்தான். அவற்றையும் நோய் தொற்ற, அவை அங்கிருந்த சுடுசேற்றில் புரண்டு குணமாயினவாம். கண்டவன் தானும் இறங்கினான். (வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். வைத்தியர் யாராயிருந்தாலென்ன, நோயாளி பிழைத்தான்.)

என்னை உறுத்துவது வேறொன்று. 1979, 1980 ஆம் ஆண்டுகளில் அந்த ஊற்றை அகழ்ந்தபோது சுமார் 130 உலோகத் தகடுகள் கிடைத்தன. ஸூலிஸ் மினேர்வா என்ற தெய்வத்துக்கு எழுதி நீரில் எறிந்தவை. நோய் நீங்க மன்றாடியிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் பெரும்பாலானவை திருடனுக்கு இட்ட சாபங்கள்! குளிக்க வந்த இடத்தில் மேலங்கியைப் பறிகொடுத்தவர்கள் எழுதியவையும் அவற்றில் உண்டு. தோசிமேதிஸ் என்பவன் இழந்தது இரண்டு கையுறைகள். எடுத்தவன் புத்தியையும் கண்களையும் இழக்க வேண்டுமென்கிறான். அன்னியானுஸ் என்பவனுக்குப் போனது ஆறு வெள்ளிக்காசு. எடுத்தது ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, கிறிஸ்தவனோ அல்லாதவனோ என்று ஒருவரும் தப்பாதபடி எழுதுகிறான்.

கையுறைக்குக் கண்ணா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தெய்வத்தின் பெயரை விட்டுவிட்டுக் கேட்டவனின் நெஞ்சைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. திருடன் யாரென்று தெரியாது. பொருளை மீட்டுத் தரவும் ஆளில்லை. குளிரில் வெறுங்கையோடு வீடு திரும்பியவனுக்கு அந்தத் தகடுதான் நீதிமன்றம்.

அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்குத் திரையில்லை என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பழிக்கு அளவுண்டு, மன்னிப்பு அதனினும் மேல் என்பதையும் அதே மார்க்கம்தான் சொல்கிறது. வலியை முறையிடும் உரிமை இழந்தவனுடையது. தண்டனையின் அளவையும் அவனே நிர்ணயிக்கலாமா? கூடாதென்றே நான் கருதுகிறேன். ஆனால் அதை அவனிடம் சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

வகுப்பில் பேனையைப் பறிகொடுத்த பிள்ளையொன்று, "எடுத்தவன்ட கை அழுகிப் போக" என்று அழுதது. "பத்துவா கேட்கக் கூடாது" என்று அதட்டி இருத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பேனையை நான் தேடவில்லை.