ஊற்றுகிறவன்

நாகரிகத்துக்கு நம் மரபு தந்திருக்கும் படிமங்களில் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது, நஞ்சு ஊற்றப்படுவதைக் கண்டும் அதை வாங்கிக் குடித்துவிட்டு அமைதி காக்கும் மனிதன். ‘கண்ணோட்டம்’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் அவன் இருக்கிறான். நற்றிணைப் பாட்டொன்றிலும் இருக்கிறான். அங்கே கொடுப்பவர் நண்பர். பாராட்டு முழுவதும் குடிப்பவனுக்கு. ஊற்றுகிறவனைப் பற்றி இரண்டு இடத்திலும் பேச்சில்லை.

இந்த மௌனம் இலக்கியத்தோடு நின்றிருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. 2023 மே மாதம் தஞ்சாவூர் கீழவாசலில், டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் குடித்த இருவர் இறந்தார்கள். தடயவியல் சோதனையில் சயனைடு தெரியவந்தது. அதே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் சாராயத்தில் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் மெத்தனால்; 60 பேருக்கு மேல் செத்தார்கள். குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும் ஒரு கேள்வி கிளம்பிற்று: குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம்? குளிர்பானத்தில் மயக்க மருந்து கலந்து தரப்பட்ட பெண்ணிடம், ‘அவன் கொடுத்ததை நீ ஏன் குடித்தாய்?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் உடன்பிறப்புத்தான் இது. இரண்டிலும் விசாரிக்கப்படுவது வாய், கை தப்பித்துக்கொள்கிறது.

குடிக்கிறவன் எப்படியும் நஞ்சைத்தான் குடிக்கிறான், இதில் கலப்பென்ன, சுத்தமென்ன என்பது இதன் அடியில் இருக்கும் மனோபாவம். மது உடலுக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றுக்குச் சம்மதித்தவன் எல்லாவற்றுக்கும் சம்மதித்தவனாகிவிடுவதில்லை. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம்கூட இதை உணர்ந்திருந்தது. அறியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதையேற்றப்பட்டு, செய்வது இன்னதென்றே தெரியாத நிலையில் ஒருவன் செய்த செயல் குற்றமாகாது என்றது அதன் 85-ஆவது பிரிவு. கெடுதல் செய்யும் நோக்கத்தோடு மயக்கப் பொருள் கொடுப்பவனுக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது 328. 2024 ஜூலை முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 123 பிரிவுகள். எண் மாறிற்று, பொருள் அப்படியே இருக்கிறது. சட்டத்துக்கு இருக்கும் இந்த நிதானம் தெருவில் நமக்கு இல்லை.

ஜெகதாப்பட்டினத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்கு விசைப்படகுதான் உதாரணமாக வருகிறது. கடலில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர், ஒரே குழம்பு. மற்றவர்கள் கண்ணயரும்போது ஒருவன் விழித்திருக்கிறான். தூங்குகிறவன் தன் உயிரை அவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தூங்குகிறான். ஏதாவது நேர்ந்தால், ‘நீ ஏன் தூங்கினாய்?’ என்று கரையில் யாரும் கேட்கமாட்டார்கள். விழித்திருந்தவனைத்தான் கேட்பார்கள்.

குடிக்கிறவனும் தன் விழிப்பில் ஒரு பங்கைக் கழற்றி வைக்கிறவன்தான். பாரில் முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்கி ஆளுக்குப் பாதியாகக் ‘கட்டிங்’ போடுகிறார்கள். ஒருவன் ஊற்ற மற்றவன் பார்க்கிறான். அவன் பார்ப்பது அளவை. கையில் விஷம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அந்த மேசைக்கு வருவதில்லை. வந்தால் அந்த உறவே சாத்தியமில்லை. போதையைத் தனக்குத் தானே இழைக்கும் குற்றம் என்று கண்டித்த கான்ட்கூட, விருந்தில் மது பேச்சை உயிர்ப்பிக்கிறதே என்று சற்றுத் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்குள் இருப்பது இந்தப் பரஸ்பர நம்பிக்கைதான்.

‘உன் டம்ளரை நீ பார்த்துக்கொள், வைத்துவிட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைத் தொடாதே’ என்பது நல்ல புத்திமதி. நானும் சொல்வேன். ஆனால் விழிப்பைத் தளர்த்த வந்தவனிடமே முழு விழிப்பையும் கேட்கிறது அது. தூக்க மாத்திரை மதுவோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும்; நினைவு அறுந்துபோகும். மறுநாள் அவனால் எதையும் சொல்ல முடியாது. சாட்சியின் பிரக்ஞையையே முதலில் அழித்துவிட்டு நடக்கிற குற்றம் இது. பார்க்கிறவர்களுக்கோ அவன் தள்ளாட்டம் வெறும் குடிகாரத் தள்ளாட்டம். முகம் சுளித்துக்கொண்டு விலகுகிறோம். ஊற்றியவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நம் அருவருப்பு அவனுக்குக் கூலியில்லாத கூட்டாளி.

ஆகவே கடமை சுற்றியிருப்பவர்கள் மேல், முக்கியமாக இடத்தை நடத்துகிறவர் மேல் விழுகிறது. அது பெரிய தத்துவமும் இல்லை. குடித்த அளவுக்குப் பொருந்தாத போதை தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். துவண்டவனைத் ‘தெரிந்தவன்’ என்று சொல்லி ஒருவன் அழைத்துப் போக வந்தால் யாரென்று கேட்க வேண்டும். தனியே விடக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். மிச்சமிருப்பதைக் கொட்டாமல் டம்ளரோடு எடுத்து வைக்க வேண்டும். சில மருந்துகள் சில மணி நேரத்திலேயே உடலிலிருந்து மறைந்துவிடுவதால், ரத்தமும் சிறுநீரும் அன்றே சோதனைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் முதலில் காணக்கூடியவர் மேசை துடைக்கும் தொழிலாளி. வேலை போய்விடுமோ என்று வாய் திறக்கத் தயங்குகிறவரும் அவரே. அவர் முதலாளி தின்பண்டம் விற்கும் உரிமையை டெண்டரில் எடுத்தவர். பாட்டிலை விற்பது அரசு. இந்தச் சங்கிலியில் விழித்திருக்க வேண்டியவன் யார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை என்றால், படகில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். டெண்டர் தொகையை எழுதும் கை இதையும் ஒரு நிபந்தனையாக எழுதலாம். குடிக்காதே என்று சுவரில் எழுதுவதைவிட அது கடினமான வேலை என்பது எனக்குத் தெரியும். குடிப்பவனுக்கு அறம் சொல்ல நம்மிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊற்றுகிறவன் கையைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.