யானையை விட்டு இறங்காத ரைடர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பெங்களூரின் தும்கூர் சாலையில் நின்று பார்த்தால், இந்த நகரத்தின் இன்னொரு சாதி வரிசை ஹெட்லைட் போட்டுக்கொண்டு போவதைக் காணலாம். முதலில் ஹார்லி-டேவிட்சன்காரர்கள், கறுப்புத் தோல் ஜாக்கெட்டும் முதுகில் குழு முத்திரையுமாக. இடைவெளி விட்டு ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார்களும் மீட்டியார்களும். பிறகு பஜாஜ் அவெஞ்சர்கள், ஓரிரண்டு பழைய யெஸ்டிகள். நெலமங்கலாவில் ஹாசன் சாலைக்குத் திரும்பி, குணிகல்லைத் தாண்டி ஒரு தட்டு இட்லிக் கடையில் எல்லாரும் நிறுத்துகிறார்கள். இட்லி ஒன்றுதான், சட்னி ஒன்றுதான். வண்டிகள் மட்டும் கலந்து நிற்பதில்லை.

இருக்கை தாழ்ந்து, கால்கள் முன்னே நீண்டு, முதுகு நிமிர்ந்து, நாள் முழுக்க ஓட்டினாலும் உடம்பு வலிக்காத வண்டி என்பதுதான் டூரிங் க்ரூஸரின் இலக்கணம். காகிதத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். மீட்டியார் 350-க்கு 349 சிசி, ஏறத்தாழ 20 குதிரைத்திறன். 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியார் 650-க்கு 648 சிசி, இரண்டு சிலிண்டர், 241 கிலோ எடை. அதே ஆண்டு ஜூலையில் ஹீரோ நிறுவனத்தோடு சேர்ந்து ஹார்லி கொண்டுவந்த எக்ஸ்440-க்கு ஒரே சிலிண்டர். அறிமுகத்தின்போது தொடக்க விலை 2.29 லட்சம். உச்சியில் ஹோண்டா கோல்டு விங்: 1,833 சிசி, ஆறு சிலிண்டர், 40 லட்சத்தை ஒட்டிய விலை. அந்தப் பணத்துக்கு நகரத்தின் ஓரத்தில் ஒரு மனை தேடலாம்.

ஆனால் பத்து கிலோமீட்டர் கடக்கவே அரை மணி பிடிக்கும் ஊரில் இந்தத் திறன் எதற்கு என்று கேட்டால், ரைடர்களே சிரித்துவிடுவார்கள். பெங்களூரின் சிக்னலில் கோல்டு விங்கும் டிவிஎஸ் எக்ஸெல்லும் ஒரே வேகத்தில்தான் நிற்கின்றன. ஹார்லி கொஞ்சம் கூடுதலாகச் சூடாகி, ஓட்டுபவரின் தொடையை வாட்டுகிறது. அப்படியானால் சிசிக்கும் விலைக்கும் அப்பால், டேங்கில் ஒட்டிய பெயர் மனிதனுக்கு என்ன தருகிறது? விற்பனைப் பிரிவின் கேள்வியாகத்தான் இது தோன்றும். சமயங்கள் இதை ஈராயிரம் ஆண்டுகளாக விசாரித்துக்கொண்டிருக்கின்றன.

விளம்பரக்காரர்களுக்கும் இது தெரியும். இருப்பதிலேயே மலிவான க்ரூஸரான அவெஞ்சருக்கு பஜாஜ் ஒரு காலத்தில் வைத்த முழக்கம், கடவுளைப் போல உணருங்கள் என்பது. 220 சிசியில் இறைநிலை! அதே பஜாஜ், டோமினார் வண்டிக்காக 2017-இல் ஒரு விளம்பரத் தொடர் எடுத்தது. ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அணிந்த ஆட்கள் வரிசையாக யானைகள் மேல் உட்கார்ந்து அசைந்தசைந்து போவார்கள். பக்கத்தில் டோமினார்கள் சீறிக்கொண்டு கடக்கும். யானையைக் கட்டித் தீனி போடாதே என்பது இந்தியில் வரும் கடைசி வரி. பெயர் சொல்லாவிட்டாலும் குத்து யாருக்கு என்பது எல்லாருக்கும் புரிந்தது. என்ஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். விற்பனையில் யானையை டோமினாரால் அசைக்க முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் உண்டு. வண்டி கனமானது, மெதுவானது என்றால் புல்லட்காரர் ஒத்துக்கொள்வார். 1955-இல் சென்னை திருவொற்றியூரில் காலூன்றிய நிறுவனம் என்ஃபீல்டு. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த தாய் நிறுவனம் 1970-ஐ ஒட்டி மூடப்பட்ட பிறகும் பிள்ளை இங்கே பிழைத்து, 2014-இல் உலகம் முழுக்க ஹார்லி விற்ற 2.68 லட்சம் வண்டிகளைத் தாண்டி மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. நடுவில் ஒரு சமயப் பிளவும் நடந்தது. வார்ப்பிரும்பு எஞ்சின் போய், வலப்பக்க கியர் இடப்பக்கம் மாறி, பட்டன் ஸ்டார்ட் வந்தபோது, ‘இது புல்லட்டே இல்லை’ என்று ஒரு கூட்டம் விலகி நின்றது. பழைய எஞ்சினின் ஓசையைக் கேட்டே ஆண்டு சொல்லும் பெரியவர்கள் இன்னும் ஜேசி ரோடு உதிரிபாகக் கடைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வைதிகர்கள்.

ஹாசன் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் சிரவணபெளகொளா. பெங்களூரிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் என்பதால் ஒரு நாள் ரைடுக்கு ஏற்ற இடம். விந்தியகிரி மேல் ஒற்றைப் பாறையில் செதுக்கிய 57 அடி கோமடேஸ்வரர், அதாவது பாகுபலி, கங்கர் அமைச்சர் சாவுண்டராயரால் 981-ஐ ஒட்டி எழுப்பப்பட்டவர். மலையேறுகிறவர்கள் செருப்பைக் கீழே விட்டாக வேண்டும். இருபதாயிரம் ரூபாய் ரைடிங் பூட்டும் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். 600-க்கும் மேற்பட்ட படிகள். வெயிலேறினால் பாறை காலைச் சுடும்.

பாகுபலியின் கதை தமிழர்களுக்கு முழுக்கப் புதிதில்லை. சமணரின் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதருக்கு நூறு மகன்கள். மூத்தவன் பரதன் உலகையெல்லாம் வென்று வந்து, தம்பிகளும் தனக்குப் பணிய வேண்டும் என்கிறான். 98 பேர் அரசையே உதறிவிட்டுத் துறவு பூண்டுவிடுகிறார்கள். பாகுபலி மட்டும் எதிர்த்து நின்று அண்ணனை வெல்கிறான்; வென்ற கணத்தில் வெறுத்துப்போய்த் துறக்கிறான். ஓராண்டு அசையாமல் நிற்கிறான், கொடி காலில் சுற்றுகிறது, புற்று வளர்கிறது. ஆனாலும் ஞானம் வரவில்லை. ஏன்? இங்கே திகம்பரர் சொல்வதும் சுவேதாம்பரர் சொல்வதும் வேறுபடுகின்றன. சிரவணபெளகொளாவின் திகம்பர மரபில் அண்ணனைப் பற்றிய ஓர் உறுத்தல் தடையாக நிற்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய சுவேதாம்பர வடிவத்தில் காரணம் இன்னும் நுட்பமானது. தந்தையின் சபைக்குப் போனால், தனக்கு முன்பே துறவேற்ற தம்பிகளை அவன் வணங்க வேண்டியிருக்கும். வயதில் சிறியவர்களைப் பணிவதா? ஞானம் அடைந்த பிறகு போகலாம் என்று நின்றுவிட்டான். தங்கைகள் பிராமியும் சுந்தரியும் வந்து, யானையை விட்டு இறங்கு அண்ணா என்கிறார்கள். எல்லாம் துறந்து காட்டில் நிற்பவனுக்கு யானை ஏது என்று முதலில் அவனுக்கே விளங்கவில்லை. யானை தன் செருக்குதான் என்று விளங்கியதும் தம்பிகளை வணங்கப் புறப்பட்டுக் காலைத் தூக்குகிறான். அடி எடுத்து வைக்குமுன்னே ஞானம் வாய்க்கிறது.

பஜாஜின் விளம்பரக்காரர்கள் ஹேமசந்திரரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இரண்டு யானைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. விளம்பரம், அந்த யானையை விட்டு இறங்கி என் வண்டியில் ஏறு என்கிறது. கதையில் ஏறிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

சமணம் இதைக் கதையோடு விடவில்லை, பட்டியலே போட்டது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் எட்டு வகைச் செருக்கைச் சொல்கிறது: அறிவு, பிறர் தரும் மரியாதை, தந்தைவழிக் குலம், தாய்வழிச் சாதி, வலிமை, செல்வம், தவம், உடலழகு. இட்லிக் கடை வாசலில் நிற்கும் வண்டிகளுக்கு இந்த எட்டையும் ஏறக்குறையப் பொருத்திவிடலாம். ஹார்லி 1903-லிருந்து வரும் குலம். கோல்டு விங் செல்வம். குரோமியம் மின்னும் டேங்க் உடலழகு. ஆனால் பட்டியலின் கூர்மை ஏழாவதில் இருக்கிறது. தவத்தைச் செல்வத்துக்கு அடுத்து வைத்தவருக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏனென்றால் பிராண்டு மோகத்தைப் பழிப்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். நூறு சிசி ஸ்ப்ளெண்டரில் லடாக் போய்வந்தவர். ஹார்லிக்காரர்கள் காபி குடிக்கத்தான் லாயக்கு, உண்மையான ரைடருக்கு எந்த வண்டியும் போதும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் நிறைவுதான் இடிக்கிறது. நாற்பது லட்சம் கொடுத்து மற்றவர் வாங்கிய உயரத்தை அவர் முதுகுவலி கொடுத்து வாங்கியிருக்கிறார். சரி, நாமெல்லாம் சாலையில் சகோதரர்கள் என்று சமாதானம் பேசலாமா? பௌத்தர்கள் அதையும் விடவில்லை. நான் உயர்ந்தவன், நான் தாழ்ந்தவன் என்பவற்றோடு நான் சமமானவன் என்ற எண்ணத்தையும் சேர்த்தே மானம் என்ற தளையாக எண்ணினார்கள். ஒப்பிடுவதுதான் அங்கே நோய்; ஒப்பீட்டின் விடை எதுவானால் என்ன?

மோட்டார்சைக்கிளையே தத்துவத்துக்கு வாகனமாக்கிய அமெரிக்கர் ராபர்ட் பிர்சிக். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் படித்தவர். 1974-இல் வந்த அவருடைய ‘ஜென்னும் மோட்டார்சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ நூலில் நண்பர் ஜானின் வண்டி பிஎம்டபிள்யூ என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஜானின் ஹேண்டில்பார் நழுவுகிறது; காலி பீர் டின்னை வெட்டி ஒரு தகடு செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு முகம் சுண்டிவிடுகிறது. ஜெர்மனியின் மாபெரும் வண்டிக்கு பீர் டின்னா? வேலைக்கு அதைவிட நல்ல உலோகம் இல்லை என்றாலும் மறுக்கிறார். ஜெர்மனியிலிருந்து தனியாக வரவழைத்த தகடு என்று பொய் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று கதைசொல்லி பிறகு நினைத்துக்கொள்கிறார். அழகான காட்சி. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: கதைசொல்லி தன் சொந்த வண்டியின் பெயரைச் சொல்வதே இல்லை. அது ஹோண்டா சிபி77 என்பது புத்தகத்துக்கு வெளியில் தெரியவந்த செய்தி. பெயர் சொல்லாமை பணிவா, அல்லது பெயர் தேவைப்படாதவன் என்ற இன்னும் உயரமான யானையா? புத்தகத்தைப் பல முறை படித்தவர்களுக்கும் இந்தச் சந்தேகம் தீராது.

பிராண்டுப் பற்று முழுவதையும் செருக்குக் கணக்கில் எழுதிவிடுவதும் நியாயமில்லை. மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அங்கே பிறந்த ஜாவாக்களையும் யெஸ்டிகளையும் பெங்களூரு ஜாவா யெஸ்டி மோட்டார்சைக்கிள் கிளப்பினர் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் சர்வதேச ஜாவா தினத்தில் புகை கக்கும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் நகரத்தில் கூடுகின்றன. இந்தப் பற்றினால் லாபம் அடைய நெடுங்காலம் கம்பெனியே இல்லை. ஆலை போனபின்பும் ஊர்கூடித் திருவிழா எடுப்பதை விளம்பரத்தின் வேலை என்று யாரும் சொல்ல முடியாது. பெயருக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. யெஸ்டி என்ற முத்திரை கலைக்கப்பட்ட பழைய நிறுவனத்தின் சொத்து என்று 2022 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளிக்க, வண்டியை மறுபடி விற்கத் தொடங்கியிருந்த கிளாஸிக் லெஜண்ட்ஸ் மேல்முறையீடு செய்தது. ஞாயிறுதோறும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவும் கிளப்காரருக்கு இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை.

ஆயுத பூஜை அன்று பார்த்தாலும் இந்தப் பற்றின் வேறு முகம் தெரியும். மைசூர் சாலை காளி ஆஞ்சநேயர் கோயில் வாசலில் புது வண்டிகள் வரிசை கட்டும். டயருக்கடியில் எலுமிச்சம்பழம், முன்னால் உடைபடும் பூசணிக்காய், ஹேண்டில்பாரில் சாமந்தி. அர்ச்சகருக்கு இன்னும் நாற்பது வண்டி பாக்கி இருக்கிறது. குங்குமம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. தட்டில் விழும் நோட்டு மட்டும் மாறும்.

சிரவணபெளகொளாவிலேயே இந்த நோட்டு விஷயம் ஒரு தலபுராணமாக இருக்கிறது. சிலையை எழுப்பிய சாவுண்டராயர் பெருமிதத்தோடு குடம் குடமாகப் பால் அபிஷேகம் செய்ய, பால் பாதம் வரை இறங்கவே இல்லையாம். ஒரு கிழவி குல்லகாயி என்ற சிறு காயின் கூட்டில் கொண்டுவந்த கொஞ்சம் பால் சிலையை முழுக்க நனைத்து மலையடிக்கு ஓடியதாம். அந்தக் குல்லகாயஜ்ஜிக்கு மேலே கோமடேஸ்வரருக்கு எதிரில் ஒரு சிலை உண்டு. ஆனால் சாவுண்டராயர் செய்வித்தது என்ற கல்வெட்டு, கன்னடத்திலும் தமிழிலும், சிலையின் காலடியிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்தவனின் பாதத்தில் செய்வித்தவர் பெயர்! அதைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்தப் பெயரால்தான் வரலாறு நமக்குத் தெரிகிறது என்று நன்றியும் சொல்லலாம்.

அரசுக்கு மட்டும் பிராண்டு தெரியாது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிகளுக்குக் கட்டணமில்லை. கோல்டு விங்கும், புல்லுக்கட்டு ஏற்றிய எக்ஸெல்லும் அதே ஓரச் சந்தில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைய வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் இருசக்கர வண்டிகள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. முப்பது லட்சம் ரூபாய் க்ரூஸரை ஆட்டோவோடும் டிராக்டரோடும் சர்வீஸ் சாலைக்குத் தள்ளியதுதான் பெரிய வண்டிக்காரர்களைச் சுட்டது. எங்கள் வண்டிக்கு விலக்கு வேண்டும் என்ற குரலில் நியாயமும் இருந்தது, யானையும் இருந்தது.

பாகுபலியின் கதையைத் திரும்பப் படித்தால், அது வரிசையையே ஒழிக்கச் சொல்லவில்லை என்பது தெரியும். துறவிகளிடையேயும் மூப்பு உண்டு. முதலில் துறவேற்றவர் மூத்தவர். அந்த வரிசையில் தன் இடத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. நீம்ரானாவில் ஹீரோ தயாரித்த ஒற்றைச் சிலிண்டர் எக்ஸ்440-ஐ வாங்கிய இளைஞனை, பத்து வருடமாகப் பெரிய ஹார்லி ஓட்டுகிறவர் தம்மவனாக எண்ணுவாரா என்ற இன்றைய சச்சரவிலும் இதே கேள்விதான் இருக்கிறது. இத்தனைக்கும் ரைடர்களின் வழக்கத்திலேயே வேறொரு வரிசை இருக்கிறது. கூட்டமாகப் போகும்போது முன்னால் வழிகாட்ட ஒருவர், எல்லாருக்கும் பின்னால் ‘ஸ்வீப்’ என்று ஒருவர். பஞ்சரானால், செயின் அறுந்தால், யாராவது விழுந்தால், நின்று பார்ப்பது ஸ்வீப்பின் பொறுப்பு. கருவிப் பையும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம்தான் இருக்கும். அதனால் அனுபவம் மிகுந்தவரைத்தான் அந்த இடத்தில் விடுகிறார்கள். அவர் சாலையோரம் மண்டியிட்டு அடுத்தவர் வண்டியின் செயினைக் கோக்கும்போது, அவருடைய வண்டி என்ன பிராண்டு என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. கடைசியாக வருகிறவர் என்பதால் இட்லிக் கடைக்கும் அவர்தான் தாமதமாக வந்து சேர்வார். வாசலில் எந்தப் பக்கம் இடம் காலியோ அங்கே நிறுத்துவார்.