மூன்று விரல்கள்

கி.பி. 897 ஜனவரியில் ரோமில் ஒரு விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. போப் ஃபொர்மோசஸின் உடலைக் கல்லறையிலிருந்து எடுத்து, போப்புக்குரிய உடைகளை உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கேள்வி கேட்டவர் அன்றைய போப் ஆறாம் ஸ்டீபன். பிணத்தின் சார்பாகப் பதில் சொல்ல ஒரு தியாக்கோனை நிறுத்தினார்கள். அந்த ஆளின் நிலைமையை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அவர் போப்பே இல்லை என்றார்கள். ஆசீர்வதிக்கும் வலது கையின் மூன்று விரல்களை வெட்டினார்கள். புதைத்த உடலை மறுபடி தோண்டி டைபர் நதியில் வீசினார்கள்.

இந்தக் கதையை இணையத்தில் எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிணத்தை விசாரித்த பைத்தியக்காரன், அவ்வளவுதான். எனக்கு அந்த விரல்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஃபொர்மோசஸ் செய்தது அத்தனையும் செல்லாது என்று அறிவித்ததன் அடையாளம் அது. அந்தக் கையால் குருப்பட்டம் பெற்றவன் இனி குரு இல்லை. அவரால் ஆயரானவர் ஆயர் இல்லை என்றால், அந்த ஆயர் பட்டம் கொடுத்தவர்களும் இல்லை. ஞானஸ்நானம் தப்பித்துவிடும், அவசரத்துக்கு அதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் பூசை? பாவமன்னிப்பு? சாகும்போது ஒரு குருவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண் மூடிய கிழவிக்கு என்ன பதில்? செத்தவரை ஸ்டீபனால் ஒன்றும் செய்ய முடியாது. அடி விழுந்தது உயிரோடு இருந்தவர்கள் மேல்.

ஸ்டீபனுக்கு இதில் என்ன லாபம் என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஃபொர்மோசஸ் மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, போர்ட்டோ மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் ரோமின் ஆயராக மாறியது. ஒரு ஆயர் மறைமாவட்டம் மாறக் கூடாது என்பது 325இல் நிசேயா சங்கம் போட்ட விதி. ஸ்டீபனும் முன்பு அனாக்னியின் ஆயர். அதே விதியில் அவரும் மாட்டுவார். ஆனால் அவரை அனாக்னிக்கு ஆயராக்கியது யார்? ஃபொர்மோசஸ்தான்! அவர் செய்தது செல்லாது என்றால் ஸ்டீபன் அனாக்னியின் ஆயராக இருந்ததே இல்லை. சுத்தமான ஆள். ரோமின் கட்சி அரசியலும் பேரரசர் பட்டத்துக்கான சண்டையும் பின்னால் இருந்தன, அது தனிக் கதை.

நாற்றமடித்த ஒருவன் கொடுத்தது செல்லுமா என்ற கேள்வி அதற்கு ஐந்நூறு வருஷம் முன்பே வட ஆப்பிரிக்காவில் வந்துவிட்டது. 303இல் தொடங்கிய டயோக்ளீஷியனின் வேட்டையில் உயிருக்குப் பயந்து வேத நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவன் கையால் எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்றார்கள் டொனாட்டிஸ்டுகள். அகஸ்டின் அதை மறுத்தார். அருள் கடவுளுடையது, கொடுப்பவன் வெறும் வழி. கல் வாய்க்காலில் ஒன்றும் முளைக்காது, ஆனாலும் தண்ணீர் அதன் வழியாகப் பாத்திக்குப் போய்ச் சேரும் என்ற பொருளில் எழுதினார். நான் அகஸ்டின் பக்கம்தான். ஆனால் முழு மனதோடு இல்லை. தன் அண்ணனைக் கொல்லக் கொடுத்துவிட்டு வந்தவன், காட்டிக்கொடுத்தவன் கையிலிருந்து அப்பத்தை வாங்க மறுத்தால் அவனுக்கு வாய்க்கால் உவமை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வாதத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாத்திக்காகச் சொன்னதை வாய்க்கால் தனக்காக எடுத்துக்கொள்ளும். 'நான் எப்படிப்பட்டவனா இருந்தா உனக்கென்ன, என் கையெழுத்து செல்லும்ல?' என்று கேட்கும். கொடுத்தவனை நாற்காலியிலிருந்து இறக்குவது வேறு, அவனிடம் வாங்கியவன் கையிலிருந்து பிடுங்குவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அகஸ்டின் சொன்னது நியாயமாக நிற்கும்.

ரோம் மக்களுக்குப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு கோடையில் ஸ்டீபன் சிறையில் கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தார். பின்னர் வந்த இரண்டாம் தியோடர் மொத்தம் இருபது நாள்தான் போப், அதற்குள் ஃபொர்மோசஸின் உடலை மரியாதையோடு அடக்கம் செய்து, பட்டங்கள் செல்லும் என்றார். ஒன்பதாம் ஜான் 898இல் அதை உறுதி செய்து, இறந்தவர்களை இனி விசாரிக்கக் கூடாது என்று தடை போட்டார்.

முடிந்ததா? இல்லை. 904இல் போப்பான மூன்றாம் செர்ஜியஸ் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். ஃபொர்மோசஸிடம் பட்டம் பெற்றவர்கள் மறுபடி பட்டம் பெற வேண்டும் என்றார். ஆக்ஸிலியுஸ் என்ற குரு இதை எதிர்த்துப் புத்தகங்கள் எழுதினார். ஃபொர்மோசஸ் நல்லவரோ கெட்டவரோ, பட்டங்கள் செல்லும் என்று வாதாடினார். அவரும் ஃபொர்மோசஸிடம் பட்டம் வாங்கியவர்தான், ஆகவே இதில் அவருக்கும் சொந்த லாபம் இருந்தது. ஆனால் ஸ்டீபனின் லாபத்தையும் இவருடையதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. மறுபடி பட்டம் வாங்கிக்கொண்டால் ஆக்ஸிலியுஸுக்குப் பதவி மிஞ்சும். தன் முன்னால் மண்டியிட்டவர்களுக்கு அதுவரை அவர் கொடுத்த மன்னிப்பெல்லாம் வெறும் பேச்சு என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.