ஒரே இடம், வெவ்வேறு நேரம்

பழைய காரின் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டால் நாம் முதலில் கேட்பது, எவ்வளவு ஆகும் என்பதைத்தான். டில்லியில் எந்தப் பட்டறையிலும் மிஸ்திரி உடனே ஒரு தொகை சொல்ல மாட்டார். எஞ்சினின் ஹெட்டை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்பார். மழுப்புகிறாரோ என்று நமக்குத் தோன்றும். அந்த நிலையில் சொல்லக்கூடிய நேர்மையான பதில் அது ஒன்றுதான். பெல்ட்டின் விலை எல்லோருக்கும் தெரியும். காஷ்மீரி கேட்டின் நிக்கல்சன் சாலைக் கடைகளிலோ கரோல் பாகிலோ போய் நின்றால், சின்ன பெட்ரோல் காருக்கான பெல்ட்டும் டென்ஷனரும் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். தெரியாதது, அது அறுந்த கணத்தில் உள்ளே என்னென்ன வளைந்தன என்பது. வால்வுகளோடு போயிற்றா, கைடுகளும் போயினவா, பிஸ்டனின் தலையில் அடி விழுந்ததா, ஹெட் லேத்துக்குப் போகவேண்டுமா? ஒவ்வொரு கேள்விக்கும் கணக்கு ஒரு படி ஏறும். சில ஆயிரத்தில் நின்றிருக்க வேண்டிய செலவு இருபது, முப்பது ஆயிரம் என்று வளர்ந்து, பதினான்கு வயதான ஒரு காரின் சந்தை விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

அந்தத் தொகையை நாம் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது யோசிக்கத்தக்கது. எஞ்சினின் அடியில் கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது மேலே கேம் ஷாப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது மட்டுமே பெல்ட்டின் வேலை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை மேலேறி வருகிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. வால்வு இறங்குகிற இடமும் பிஸ்டன் ஏறுகிற இடமும் பல எஞ்சின்களில் ஒன்றேதான். ஒன்று விலகியபின் மற்றது வருகிறது. இரண்டும் எப்போதும் தொடாதபடி இடைவெளி விட்டு வடிவமைத்த எஞ்சின்களும் உண்டு. அவற்றில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு சரி. ஆனால் இடத்தை இறுக்கினால் அழுத்தம் கூடும், வால்வு தாராளமாகத் திறக்கும், அதே எரிபொருளில் கூடுதல் விசை கிடைக்கும். ஆகவே பொறியாளர்கள் பெரும்பாலும் நெருக்கத்தையே தேர்ந்தார்கள்.

கழற்றிப் போட்ட வளைந்த வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் வளைவைத் தவிர ஒரு குறையும் காண முடியாது. நல்ல எஃகு, நல்ல வேலைப்பாடு. அதை வளைத்த பிஸ்டனிலும் குறை இல்லை. பெல்ட் அறுந்தபின்னும் வண்டியின் வேகம் கிராங்க் ஷாப்டைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பிஸ்டன் தன் வழக்கப்படி மேலே வந்தது. வால்வு கடைசியாக நின்ற நிலையில் திறந்தபடி நின்றது. நாம் பணம் கொடுப்பது கெட்டுப்போன பொருள்களுக்காக என்று நினைக்கிறோம். கொடுப்பதில் பெரும்பகுதி, தம் கடமையில் தவறாத பொருள்கள் காலம் பிசகிய ஒரே காரணத்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதற்காக. மனிதர் சேர்ந்து வாழும் எந்த அமைப்பிலும் பெரிய சேதங்களில் பல இப்படித்தான் நேர்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கெட்டவர்கள் செய்யும் கேட்டை நாம் அறிவோம், அதற்குச் சட்டமும் வைத்திருக்கிறோம். நல்லவர்கள் இருவர், ஒரே இடத்துக்கு உரிமையுள்ள இருவர், முறை காக்கும் ஒன்று இடையிலிருந்து நழுவிப்போனதால் மோதிக்கொள்ளும்போது யாரைக் குற்றம் சொல்வதென்றே நமக்குத் தெரிவதில்லை. நெருக்கமாக வாழ்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2016 ஜனவரியில் டில்லி அரசு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் வண்டிகளை நாள் மாற்றி நாள் ஓடச் சொன்னபோது செய்ததும் ஒரு வகையில் இதைத்தான்: ஒரே சாலையை வெவ்வேறு நேரத்தில் பகிர்ந்துகொள்ளச் சொன்னது. பெருநகரம் என்பதே அப்படிப்பட்ட பகிர்வுதான். இடம் குறையக் குறைய, கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கை நம்பியே நாம் ஒருவருக்கொருவர் அருகில் நிற்கிறோம்.

அந்த ஒழுங்கைக் காக்கும் பொருளுக்கு ஓர் இயல்பு உண்டு. அது எதையும் உண்டாக்குவதில்லை. டைமிங் பெல்ட் சக்கரத்துக்கு விசை தருவதில்லை, விளக்கு எரிவதும் அதனால் இல்லை. உறைக்குள் மறைந்து ஓடுகிறது. முன்பு அந்த வேலையைச் சங்கிலி செய்தது. டில்லியின் சாலைகளை ஆண்ட அம்பாசடரில் இருந்தது சங்கிலிதான். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் பற்கள் வைத்த ரப்பர் பெல்ட்டைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தபின், எடை குறைவு, விலை குறைவு, சத்தம் குறைவு என்ற காரணங்களால் அது உலகெங்கும் பரவியது. 1983இல் நம் நாட்டுக்கு வந்த மாருதி 800இலும் பெல்ட்தான். தேய்ந்த சங்கிலி கரகரவென்று சத்தம் போட்டுத் தன் நிலையைச் சொல்லும். பெல்ட் அப்படிச் சொல்லாது. நேற்றுவரை ஓடியதைப் போலவே இன்று காலையும் ஓடி, மாலையில் அறும். அமைதியை விரும்பி வாங்கிய நாம், எச்சரிக்கையை அதற்கு விலையாகக் கொடுத்தோம்.

பார்த்து அறிய முடியாதபோது அறிவு எண்ணிடம் போகிறது. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றிவிடு என்று தயாரித்தவர்கள் எழுதிவைக்கிறார்கள். சில வண்டிகளுக்கு 60,000, சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதல். அந்த எண்ணும் முழுதாக நம்பத்தக்கதன்று. ஆசிரம் சந்திப்பிலோ தௌலா குவானிலோ வண்டி நகராமல் நிற்கும்போது கிலோமீட்டர் காட்டும் கருவி நின்றுவிடுகிறது, பெல்ட் நிற்பதில்லை. ஜூன் மாதத்து 45 டிகிரி வெயிலில், எஞ்சினின் சூட்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, எங்கும் போகாத வண்டிக்காக அது சுழன்றுகொண்டே இருக்கிறது. ரப்பர் இறுகிப்போவதும் வெடிப்பு விடுவதும் அந்த நேரத்திலும்தான். கடந்த தூரத்தை மட்டும் எழுதும் கணக்குகளில், நின்ற இடத்தில் பட்ட பாடு எப்போதும் விட்டுப்போகிறது. மனிதரை மதிப்பிடும் நம் கணக்குகளும் இதற்கு விலக்கில்லை.

நன்றாக ஓடும் வண்டியை நிறுத்தி, பழுதே தெரியாத ஒரு பெல்ட்டைக் கழற்றி எறிந்து புதிதை மாட்டுவதற்குப் பணம் எடுத்துக்கொடுப்பது எளிய காரியமில்லை. கழற்றிய பெல்ட்டை மிஸ்திரி நம் கையில் தரும்போது அது நன்றாகத்தான் இருக்கும். இன்னும் ஓராண்டு ஓடியிருக்குமோ என்று மனம் அரிக்கும். அந்தச் செலவு சரியானதுதான் என்பதற்குச் சான்று ஒருநாளும் வராது, ஏனென்றால் அது தடுத்தது நடக்காமலே போய்விட்டது. ஊரிலிருக்கும் அம்மாவோடு, சொல்ல ஒன்றுமில்லாத நாளிலும் இரவு ஒன்பது மணிக்கு ஃபோனில் பேசுகிற டில்லித் தமிழருக்கு இது புரியும். என்ன சாப்பிட்டாய், மழை உண்டா என்பதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றும் இருக்காது. ஆனால் என்றாவது ஒருநாள் சொல்லவேண்டியது நிஜமாகவே வரும்போது, அதைத் தாங்குகிற உறவு அந்த ஒன்றுமில்லாத பேச்சுகளால் காக்கப்பட்டிருக்கும். பராமரிப்பு எதுவானாலும் சான்றுக்கு முன்னால் செய்யப்படுவது. சான்று கிடைத்தபின் செய்வதற்குப் பெயர் பழுதுபார்த்தல், அதன் விலை வேறு, அதைக் கொடுப்பவரும் பல நேரங்களில் வேறு ஒருவர்.

கொடுப்பவர் வேறு ஒருவர் என்னும்போது டில்லியில் வாழ்கிறவர்கள் நினைக்காமல் இருக்க முடியாத ஓர் இடம் கிரீன் பார்க். 1997 ஜூன் 13 அன்று அங்கிருந்த உபஹார் திரையரங்கின் தரைத்தளத்து மின்மாற்றியில் காலையிலேயே தீப்பிடித்தது. அன்று முற்பகலிலேயே அவசரமாகச் சரிசெய்து மீண்டும் இணைத்தார்கள். கேபிளின் முனையை அதற்குரிய கருவியால் இறுக்காமல், சுத்தியலால் தட்டிப் பொருத்தியிருந்தார்கள் என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது. மாலையில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது மின்மாற்றி மறுபடி தீப்பற்றியது. புகை மேலேறி, வெளியேறும் வழிகள் தடைப்பட்டிருந்த பால்கனியில் சிக்கியவர்கள் உட்பட 59 பேர் இறந்தார்கள். பெல்ட்டாவது எச்சரிக்காமல் அறுகிறது. அந்த மின்மாற்றி காலையிலேயே சொல்லிவிட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் திரையரங்கின் உரிமையாளர் இருவரும் ஆளுக்கு 30 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. ஒரு கேபிள் முனையை ஒழுங்காக இறுக்க ஆகியிருக்கும் கூலியையும் அந்த 60 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். மூன்றாவதாக அங்கே வைக்க வேண்டியதை எந்த நாணயத்திலும் வைக்க முடியவில்லை. உரிய நேரத்துக்குள் இருக்கும்வரைதான் பராமரிப்புக்குப் பணம் ஈடாகிறது, அந்த நேரம் கடந்தபின் பணமும் உயிரும் ஒரே தராசில் ஏறுவதே இல்லை என்ற உண்மையை இதைவிடக் கடுமையாக இந்த நகரம் கற்றதில்லை.

இனி வண்டியின் வயதுக்கு வருவோம், ஏனென்றால் டில்லியில் பழைய காருக்குச் செலவழிப்பவர் எல்லோரையும் அந்தக் கேள்வி வழிமறிக்கிறது. 15 ஆண்டு கடந்த வண்டிகள் ஓடக்கூடாது என்று 2014 நவம்பரிலும், டீசலுக்கு அந்த வரம்பு 10 ஆண்டு என்று 2015 ஏப்ரலிலும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பெட்ரோல், டீசல் தரக்கூடாது என்று வந்த உத்தரவு எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள்மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 என்ற புகைத் தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது.

நவம்பர் மாதத்தில் டில்லிக் குழந்தைகள் மூச்சுவிடும் காற்றை அறிந்த யாரும் இந்தச் சட்டங்களின் நோக்கத்தைப் பழிக்க மாட்டார்கள். ஆனாலும் சட்டம் காரைப் பார்க்கும் விதமும் நாம் பெல்ட்டைப் பார்க்கும் விதமும் ஒன்றாக இருப்பதைக் கவனிக்கத்தான் வேண்டும். உள்ளே பார்க்க வழியில்லாததால் நாம் பெல்ட்டுக்கு ஆண்டை எண்ணுகிறோம்; லட்சக்கணக்கான வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க இயலாததால் அரசும் ஆண்டை எண்ணுகிறது. பெல்ட்டின் விஷயத்தில் அந்த எண் நம் அறியாமையை ஒப்புக்கொள்ளும் பணிவு. வண்டியின் விஷயத்திலோ, அது விடும் புகையை அளக்கவும், எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்று அறியவும் வழி இருக்கிறது. வழி இருந்தும் வயதை மட்டும் எண்ணினால், பதினான்கு ஆண்டு பேணியவரும் பதினான்கு ஆண்டு புறக்கணித்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பேணுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று ஒரு சமுதாயமே கற்றுக்கொள்கிறது. வயதிலிருந்து தரத்துக்கு நீதிமன்றம் நகர்ந்தது சரியான திசை என்பது என் எண்ணம்.

இந்தியாவின் முதல் மாருதி 800இன் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தியிடமிருந்து பெற்ற ஹர்பால் சிங் டில்லிக்காரர். 2010இல் இறக்கும்வரை அந்த வண்டியை அவர் விற்கவில்லை. அதன்பின் அது, அதே கிரீன் பார்க்கில், அவர் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு நிறுவனமே எடுத்துப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. டில்லிச் சாலையில் ஓடும் உரிமை அதற்குக் கிடையாது. அந்தப் புதுப்பிப்புக்கான செலவைச் சந்தை விலையோடு யாரும் ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். சந்தை விலை என்பது முன்பின் அறியாத ஒருவர் அந்தப் பொருளுக்குத் தர முன்வருவது. அதனோடு வாழ்ந்தவரின் கணக்கு வேறு இடத்தில் எழுதப்படுகிறது. பெல்ட் அறுந்த பழைய காரின் முன் நின்று, இந்த வண்டிக்கு இவ்வளவு போடுவதா என்று தயங்குகிறவர் மனத்தில் இரண்டு கணக்குகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எதை முடிவாகக் கொள்வது என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளுக்கு அனுப்புவதும் குற்றமில்லை.

ஆனால் மூன்றாவது ஒரு வழி உண்டு, டில்லியில் பலர் எடுப்பது அதைத்தான். தடையில்லாச் சான்று வாங்கி, வயது வரம்பு இல்லாத வேறு மாநிலத்துக்கு வண்டியை விற்றுவிடுவது. அங்கே ஒரு சிறுநகரத்தில் முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பம் அதை எடுத்துக்கொள்ளும். டயரைப் பார்ப்பார்கள், பெயின்ட்டைப் பார்ப்பார்கள், ஏ.சி. குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பார்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்க அவர்களில் பெரும்பாலோருக்குத் தோன்றாது. விற்கிறவருக்கு அது தெரியும். மாற்றியிருந்தால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ரசீது வீட்டில் எங்கேயோ இருக்கும். அதைத் தேடி எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக் கொடுக்கலாம். மாற்றவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லி, அதற்கான சில ஆயிரங்களை விலையில் குறைத்துக்கொள்ளலாம். எந்தச் சட்டமும் அவரை இதற்குக் கட்டாயப்படுத்தாது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டால், அந்தக் குடும்பம் நெடுஞ்சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் நிற்கும். அன்று ஹெட்டை இறக்கும் செலவு அவர்களுடையதாக இருக்கும்.