வல்லூறுக்காரர் நட்ட செம்பனை

கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். வயதானவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அங்கே ஒரு தோட்டம் உண்டு. பெயர் தென்னமரம், பயிர் செம்பனை. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் பயிரானது அங்கேதான், 1917இல். அதற்கு வழிசெய்தவர் ஆன்ரி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுத் துரை.

பிரெஞ்சில் ‘ஃபோகோன்’ என்றால் வல்லூறு. அதோடு ‘இயே’ சேர்ந்தால், அந்தப் பறவையைப் பழக்கி வேட்டைக்கு விடுபவர். லத்தீன் மூலமான ‘ஃபல்கோ’வை அரிவாளைக் குறிக்கும் ‘ஃபல்க்ஸ்’ என்ற சொல்லோடு இணைத்து, வளைந்த நகத்தால் வந்த பெயர் என்று சொல்வாரும் உண்டு. இடைக்காலப் பிரான்சில் வல்லூறு வேட்டை பிரபுக்களின் பொழுதுபோக்கு. அரண்மனையில் ‘பெரிய வல்லூறுக்காரர்’ என்றே ஒரு பதவி இருந்தது. வேலை முதலில் பட்டப்பெயராகி, பிறகு பறவையைத் தொட்டே அறியாத மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர், ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளை ஆலயப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். பெயர்கள் இறுகியது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எழுத்து மட்டும் பாதிரியார் காதில் விழுந்தபடி. பெரட்டில் பேர் கூப்பிட்ட கிராணி எழுதியதே நம்மவர் பலருக்குப் பெயராய் நின்ற கதைதான் இதுவும்.

ஒரு வேறுபாடு உண்டு. நம் அடையாள அட்டையில் ‘அனாக் லெலாகி’க்குப் பின்னால் அப்பா பெயர் வரும், பேரன் காலத்தில் தாத்தா பெயர் கழன்றுவிடும். அவர் பால்மரம் வெட்டினாரா, கங்காணியாக இருந்தாரா என்பதை நம் பெயர் சொல்லாது.

இதே தொழிற்பெயர் ஆங்கிலத்தில் ஃபால்கனர், ஃபாக்னர் என்று வழங்குகிறது. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர், 1949ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர், குடும்பப் பெயரில் இல்லாத ஓர் எழுத்தைத் தாமே சேர்த்துக்கொண்டவர். பிரான்சில் ஆன்ரியின் தங்கை ஜெனவியேவ் ‘க்ளோத்’ நாவலுக்காக 1933இல் ஃபெமினா பரிசு பெற்றார்.

ஆன்ரி பிறந்தது 1879இல், கோன்யாக் மதுவுக்குப் பேர்போன வட்டாரத்துப் பார்பெசியு ஊரில். 1905இல் கப்பலேறி வந்து, கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்த் தொழிலோடு மலாயும் தமிழும் கற்றார். தமிழ் தெரியாத துரை பெரட்டுக் களத்தில் ஊமைதான். பிறகு சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்துத் தோட்டம் போட்டார். ஊரிலிருந்து நண்பர்களை வரவழைத்தார். பெல்ஜிய முதலாளி ஆட்ரியன் ஹாலேயின் பணம் சேர்ந்ததும் தோட்டங்கள் பெருகின.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வழிவந்தவை சுமத்ராவின் டெலியில் அழகுக்காக வளர்க்கப்பட்டன. அங்கிருந்து விதை கொண்டுவந்த ஆன்ரியும் ரந்தாவ் பாஞ்சாங்கில் முதலில் அழகு மரமாகத்தான் வைத்தார். ரப்பரை மட்டும் நம்பினால் விலை விழும் நாளில் தோட்டமும் விழும். எண்ணெய் தரும் மரம் பக்கத்திலேயே நின்றது. தென்னமரத்தில் நடவு நடந்த அந்த உலகப்போர்க் காலத்தில் அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்திருந்தார். ஆகவே ‘ஃபோகொன்னியே நட்டார்’ என்று புத்தகங்கள் சொல்வதை, குழி வெட்டியவர்கள் வேறு என்று சேர்த்தே படிக்க வேண்டும். தோட்டத்தின் பெயர் தமிழாக இருப்பது அவர்களை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது.

ஆன்ரி 1925 முதல் துனிசியாவில் குடியிருந்தார். 1930இல் வெளிவந்த ‘மலேசி’ என்ற நாவலுக்குப் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. மலாய்ப் பந்துன்கள் நிறைந்த அந்த நூலில் தோட்டத்துத் தமிழர்களும் வருகிறார்கள். வெள்ளைக்காரத் திமிர் குறைவான எழுத்துதான். ஆனாலும் ஆசிரியரின் மோகமெல்லாம் மலாய்க்காரர் வாழ்க்கைமீதே. தமிழர் துரை பங்களா வராந்தாவிலிருந்து தெரியும் அளவுக்கே தெரிகிறார்கள். லயத்துக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அந்த நாவலை நம்ப முடியாது.