கேட்டவன் கடன்

பிறத்தியார் துக்கத்தை விசாரிக்க நமக்கு என்ன உரிமை? எழுத்தைப் பிழைப்பாகக் கொண்ட நான் இந்தக் கேள்வியை நெடுநாள் தட்டிக் கழித்து வந்தேன். சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரத்தில் ஒரு பெரியம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. நவம்பரில் அந்த வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் கதவடைத்தன. மூன்று மாதத்துக்கு மேல் வேலையில்லை. அப்போது அங்கே போயிருந்தேன். ஆயுளெல்லாம் சரம் பின்னிய அந்த அம்மாள் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில், "எல்லாத்தையும் எழுதிக்கிட்டீக. சரி, இதுல எங்களுக்கு என்னய்யா?" என்றாள். குரலில் கோபமில்லை, வாரக் கூலியைக் கணக்குப் பார்க்கிற குரல். நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கேள்விக்கு மனோதத்துவக்காரர்கள் தேசத்துக்குத் தேசம் பதில் தேடியிருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்றொரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட ஆலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. மரீ யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே ஆராயப் போனார்கள். வேலையற்ற ஆண்களுக்கு நேரம் மிஞ்சியது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் அவர்கள் நடைகூடத் தளர்ந்திருந்தது. இவையெல்லாம் 1933-ல் புத்தகமாக வந்தன. அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை: ஊருக்கு உதவாமல் எவரும் சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது. துணி சேகரித்துக் கொடுத்தார்கள்; வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள்; தையல் சொல்லிக் கொடுத்தார்கள். உதவினால் தகவலும் கிடைக்கும் என்ற கணக்கு அதில் உண்டு. இருக்கட்டுமே!

எல் சால்வடாரில் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ என்ற பாதிரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏழைகள் விதியே என்று கிடப்பது அவர்கள் சுபாவமல்ல. எதைச் செய்தாலும் பலிக்காத வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம் என்றார். ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கணக்கெடுத்து அவர்களுக்கே திருப்பிக் காட்டினார். 1989 நவம்பர் 16-ந் தேதி ராணுவத்தார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதைப் படித்த பிறகு என் நோட்டைத் திறந்தேன். 'விதியே என்று இருக்கிறோம்' என அந்த அம்மாள் சொன்னதாக எழுதியிருந்தேன். மறுபடி நாரணாபுரம் போய்ப் படித்துக் காட்டினேன்.

"விதின்னு நான் எங்கய்யா சொன்னேன்? மழை பேஞ்சாத்தானே இந்தக் கரிசக்காட்டுல வெள்ளாமை, வேற வேலை ஏதுன்னுல்ல சொன்னேன்!"

யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் சொன்னாள். விதி என்ற சொல் என்னுடையது.

அதை அடித்துவிட்டேன். அதனால் என் கடன் தீர்ந்துவிடவில்லை. வேலையும் கூலியும் என் பேனாவிலிருந்து வரப்போவதில்லை. ஆனால் ஒருவர் சொல்லாததை அவர் வாயில் வைத்து, பிறகு அதற்காக இரக்கமும் படுவது திருட்டு. அந்தத் திருட்டையாவது நாம் நிறுத்தலாம்.