விலையும் விசுவாசமும்

மோட்டார் வண்டியின் விலையைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதாவென்று வாசகர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வண்டியைப் புகழ்வதோ இகழ்வதோ நம் நோக்கமன்று. ஒரு பொருளை விற்றவனும் வாங்கியவனும் ஒருவருக்கொருவர் எம்மட்டும் கடமைப்பட்டவர்கள், அக்கடமை பணம் கைமாறிய அன்றே தீர்ந்துபோகிறதா என்பதே நம்மைச் சில மாதங்களாக உறுத்திவரும் கேள்வி. அது நமக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருக்கும் நம் சிற்றப்பா மகனின் வீட்டு வாசலிலிருந்து வந்தது.

ஸ்ரீ கெம்பாங்கான், அவசரகாலத்தில் செர்டாங் புதுக்கிராமம் என்ற பெயரோடு எழுந்த ஊர். ஈயம் தோண்டிய பள்ளம் இன்று ஏரியாகிக் கரையெங்கும் மாளிகைகள் நிற்கின்றன. அவ்வூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழும் நம் தம்பி, தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அவன் தகப்பனார் ஆயுள் முழுவதும் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்தவர். மகனுக்கோ சிறு வயது முதல் ஒரே ஆசை: இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாத நடுவில் அவ்வாசை நிறைவேறிற்று. விலை 180,000 வெள்ளி; பத்தில் ஒன்பது பங்கு தவணைக் கடன்; ஒன்பது ஆண்டுத் தவணை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யாரென்று கேட்கவேண்டா. மாதச் சம்பளக்காரக் கிராணியின் கையெழுத்துக்கும் ஒரு மதிப்பிருக்கிறதே என்ற பெருமையில் நாமே போட்டோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் அதே வண்டிக்கு 22,000 வெள்ளி கழிவு என்று கம்பெனி அறிவித்தது. தம்பி இரண்டு நாள் சோறு சரியாய் உண்ணவில்லை. எனினும், ‘வண்டி நம்முடையது, விற்கவா போகிறோம்’ என்று தேறிக்கொண்டான். அடுத்த மார்ச் மாதம் மனைவி கருவுற்றிருப்பது தெரியவந்தது. இரு கதவு வண்டியில் குழந்தையை எப்படி ஏற்றி இறக்குவதென்று, அதை விற்றுவிடப் பழைய வண்டி வியாபாரியிடம் கொண்டுபோனான். வியாபாரி வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. “புதுசே 158,000-க்குக் கிடைக்குது. இது போன வருஷத்து வண்டி வேற. 138,000 தரேன்” என்றார். கடனோ அதனினும் மிகுதியாக நின்றது. விற்றால் வண்டியும் போய், கையிலிருந்து சுமார் இருபதாயிரம் வெள்ளியும் போகவேண்டும். வைத்திருந்தாலோ ஒன்பது ஆண்டு.

இங்கே இக்கழிவு எப்படி வேலை செய்கிறதென்பதைச் சற்று விளக்கவேண்டும். கம்பெனி விலையைக் குறைப்பதில்லை; விலைப் பட்டியலில் பழைய எண்ணே கம்பீரமாக நிற்கும். அதற்குக் கீழே, ‘இம்மாதம் மட்டும்’ என்று கழிவு தொங்கும். இவ்வித்தை புதிதன்று. 1975 ஜனவரியில் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி, விற்காமல் தேங்கிய வண்டிகளைத் தள்ளிவிட 200 முதல் 400 டாலர் வரை வாங்கினவருக்கே திருப்பிக் கொடுப்பதாகப் பெரிய அளவில் விளம்பரஞ் செய்தது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. விலையைக் குறைத்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகும். கழிவு கொடுத்தால் தாராளம் என்று பெயர். ஆனால் பழைய வண்டிச் சந்தை பட்டியல் எண்ணைப் பார்த்து மயங்குவதில்லை. இன்று புது வண்டி உண்மையில் எவ்வளவுக்குக் கைக்கு வருகிறதோ, அதிலிருந்தே அது கணக்கைத் தொடங்குகிறது. ஆகவே, நாளை வாங்குபவனுக்குக் கொடுக்கும் கழிவின் ஒரு பகுதி நேற்று வாங்கியவனின் சொத்திலிருந்து கழிகிறது. காப்புறுதியைச் சந்தை மதிப்புக்கு எடுத்திருந்தால், விபத்து நேர்ந்தபோது அங்கேயும் அதே குறைவுதான் அவனை எதிர்கொள்ளும்.

அன்றாடம் ஓட்டும் சாதாரண வண்டியானால் இந்த நட்டம் சீக்கிரம் மறந்துபோகும். ஸ்போர்ட்ஸ் காரின் கதை வேறு. அதை எவனும் அவசியத்துக்காக வாங்குவதில்லை. ‘எல்லோராலும் வாங்க முடியாதது’ என்னும் எண்ணமே அதன் விலையிற் பாதி. ஃபெராரி கம்பெனியை நிறுவிய என்சோ ஃபெராரி, சந்தை கேட்பதைவிட ஒரு வண்டி குறைவாகவே செய்யவேண்டும் என்பாராம். இதன் மறுபுறத்தை ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். காட்டிற்று. 1990 முதல் 2005 வரை வந்த முதல் என்.எஸ்.எக்ஸ். வண்டியைப் பிற்காலத்தில் தேடித் தேடி வாங்கினார்கள். 2016-இல் அதே பெயரில் வந்த இரண்டாவது வண்டிக்கு அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். விற்பனை மந்தமாகவே, சில ஆண்டுகளுக்குள் 20,000 டாலர் வரை கழிவு கொடுக்க நேர்ந்தது. 2022-இல் தயாரிப்பு நின்றது. முதல் மாதத்திலேயே முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கு அக்கழிவு சொன்ன சேதி யாது? ‘நீ இதற்கு வைத்த மதிப்பை நாங்களே வைக்கவில்லை’ என்பதுதான். பண நட்டத்தினும் அதுவே அதிகம் சுடும் என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? நாம் படித்த மிஷன் பள்ளியில் மத்தேயு எழுதிய சுவிசேஷத்திலிருந்து ஒரு கதை சொல்வார்கள். திராட்சைத் தோட்டத்துக்காரன் ஒருவன் விடியலில் வந்த ஆளுக்கும் பொழுது சாயும்போது வந்த ஆளுக்கும் ஒரே கூலி கொடுத்தான். விடியலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பேசிய கூலி உங்களுக்கு வந்துவிட்டதல்லவா என்று அவன் கேட்டான். செக்ரோல் எழுதும் நமக்கு அக்கதை அன்றும் பிடித்ததில்லை, இன்றும் பிடிப்பதில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படிச் செய்தால் மறுநாள் விடியலில் ஓர் ஆளும் வரமாட்டான். ஆயினும் அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. தம்பி 180,000 கொடுக்கச் சம்மதித்தான். பேசிய வண்டி வந்தது. முன்னே வாங்கியவனைக் காப்பதற்காக விலை என்றுமே இறங்கக்கூடாதென்றால், பின்னே வரும் ஏழைக்கு எந்தப் பொருளும் என்றுமே எட்டாது. அந்த டிசம்பரில் கழிவோடு வாங்கியவர்களிலும் லயத்தில் பிறந்தவர்கள் இருந்திருப்பார்களே.

இதனால்தான், 2023 ஜனவரியில் டெஸ்லா கம்பெனி சீனாவில் விலை குறைத்தபோது அதற்குமுன் வாங்கியவர்கள் விற்பனை நிலையங்களில் கூட்டங்கூடி ஈடு கேட்டதை நாம் முழுமனதோடு ஆதரிக்கவில்லை. 2024-இல் தாய்லாந்தில் பி.ஒய்.டி. வண்டிகளின் விலை இறங்கியபோதோ, அந்நாட்டு அரசின் பயனீட்டாளர் காப்பு அலுவலகமே விசாரணையில் இறங்கிற்று. அங்கே எழுந்த புகார் வேறு வகை: விலை ஏறப்போகிறது, இப்போதே வாங்குங்கள் என்று விற்பனையாளர்கள் அவசரப்படுத்தினார்கள் என்பது. இக்குற்றச்சாட்டு மெய்யானால், அது விலைக் குறைப்புப் பற்றிய வழக்கல்ல. வாய்ச் சொல் பற்றிய வழக்கு.

நம் நாட்டிலேயே இதை வேறுவிதமாய்ச் செய்து பார்த்திருக்கிறோம். 2018 ஜூன் முதல் ஆகஸ்டு வரை பொருள் சேவை வரி பூஜ்யமானபோதும், 2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை விற்பனை வரி, உள்நாட்டில் பொருத்திய வண்டிகளுக்கு முழுதும் இறக்குமதி வண்டிகளுக்குப் பாதியும் விலக்கப்பட்டபோதும் விலை இறங்கிற்று. முந்திய மாதம் வாங்கியவர்கள் வருந்தினார்கள். ஆனால் ஏமாற்றப்பட்டதாக எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. தொடங்கும் தேதி முன்கூட்டியே ஊரறியச் சொல்லப்பட்டது. பொறுக்க முடிந்தவன் பொறுத்தான்.

ஆகவே கேள்வி, தெரிந்ததைச் சொல்லாதிருப்பது பற்றியதாகிறது. இது ஈராயிரம் ஆண்டுப் பழங்கேள்வி. ரோமாபுரி அறிஞர் சிசெரோ, கடமைகளைப் பற்றிக் கி.மு. 44-இல் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வழக்கை வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்கிறான். பின்னால் வேறு கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் கண்ணாற் கண்டிருக்கிறான். அதை ஊராரிடம் சொல்லவேண்டுமா, அல்லது வாய் மூடிக்கொண்டு ஏறிய விலைக்கு விற்கலாமா? பாபிலோனிய தியோகெனீஸ் என்னும் தத்துவ ஆசான், சரக்கின் குறையை மறைக்காதவரை வணிகன் குற்றவாளியல்லன், சொல்லாதிருப்பது வேறு, ஒளிப்பது வேறு என்றார். அவர் மாணவரே ஆன அந்திபாதர், மனிதர் யாவரும் ஒரே சமுதாயமாயிருக்கத் தெரிந்ததை எப்படி மறைப்பாய் என்று மறுத்தார். சிசெரோ மாணவர் பக்கம் நின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாசோ, சொல்லவேண்டுமென்று நீதி கட்டாயப்படுத்தவில்லை, சொன்னால் அது மேலான குணம் என்று நடுவே நின்றார்.

தம்பிக்கு வண்டி விற்ற பையன் நம் தோட்டத்துப் பையன். அவனை நமக்குச் சிறு வயது முதல் தெரியும். பின்னர் ஒருநாள் சந்தித்தபோது நேரே கேட்டோம். அவன் பொய் சொல்லவில்லை. “யார்டு நிறைய வண்டி நின்னுச்சு அண்ணே. வருஷக் கடைசியில ஏதாவது வரும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். எவ்வளவுன்னு தெரியாது. சொன்னா அந்த மாசக் கணக்கு எனக்கு விழாது” என்றான். தியோகெனீஸின் கட்சியை இதைவிடச் சுருக்கமாய் யாரும் எடுத்துரைக்க முடியாது.

சொல்லிவிட்டால் யார்தான் நவம்பரில் வாங்குவார்கள், கடை நடக்கவேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமே. ஆனால் வாயைத் திறக்க முடியாத வியாபாரி பின்னால் கையைத் திறக்கலாம். 2007-இல் ஆப்பிள் கம்பெனி தன் முதல் ஐபோனின் விலையை வெளிவந்த இரண்டே மாதத்தில் 200 டாலர் குறைத்தது. முன்னே வாங்கியவர்கள் கூச்சலிடவே, ஸ்டீவ் ஜாப்ஸ் அவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள கடை வரவு கொடுத்தார். பாதிதான், அதுவும் தன் கடையிலேயே செலவழிக்கும்படி. ஆயினும் முதலில் வந்தவனுக்கு ஏதோ பாக்கியிருக்கிறதென்று கணக்கில் ஏறிற்று.

மோட்டார் கம்பெனிகளோ இதற்கு மாறாக ஒன்று செய்கின்றன. ‘எங்கள் வண்டியையே மறுபடி வாங்குங்கள், விசுவாசத்துக்காகக் கழிவு தருகிறோம்’ என்கின்றன. விசுவாசம்! இச்சொல்லைத் தோட்டத்தில் வளர்ந்த எவனும் எச்சரிக்கையோடுதான் கேட்பான். துரைக்கு விசுவாசமான ஆள் என்றால் யாரென்று லயத்தில் கேட்டுப் பாருங்கள். கூலி வாங்குபவன் கூலி கொடுப்பவனுக்கு விசுவாசமாயிருக்கவேண்டுமென்றார்கள், சரி. இங்கே பணங்கொடுப்பவனே பணம் வாங்குபவனுக்கு விசுவாசமாயிருக்கவேண்டுமாம்! முதல் மாதத்தில் முழு விலை கொடுத்தவன், சம்பளமில்லாமல் அவ்வண்டியைத் தெருத்தெருவாய் ஓட்டி விளம்பரஞ் செய்தவன். அவன் மீண்டும் வந்து கடன்பட்டால்தான் நன்றி காட்டுவோம் என்பது நன்றியாகாது. அது இன்னொரு விற்பனை.

எனினும் தம்பியின் பக்கத்தையும் நாம் மறைக்கக்கூடாது. அவனுடைய விசுவாசமும் மறுவிற்பனை விலை விழுந்த அன்றே விழுந்தது. வண்டியின் பாய்ச்சலோ ஓசையோ ஒரு துளியும் குறையவில்லை. வியாபாரி சொன்ன எண் ஒன்றே குறைந்தது. ‘அப்படியானால் நீ நேசித்தது எதை?’ என்று கேட்க நம் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கையிருப்பு உள்ளவனுக்குத்தான் அக்கேள்வி தத்துவம். ஒன்பது ஆண்டுக் கடனில் நிற்பவனுக்கு வண்டியின் விலை அவன் வீட்டுச் சேமிப்பு முழுவதும். ஜாமீன் நின்றவனுக்கும் அதில் பங்குண்டு.

அந்தப் பையனை இன்னுங் கொஞ்சம் கடிந்துகொள்ளலாமென்றே இருந்தோம். முடியவில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறோம். முன்பு நாம் வேலை பார்த்த தோட்டமொன்றில், நிலத்தின் ஒரு பகுதியை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்கப் பேச்சு நடந்தது. கடிதங்களை டைப் அடித்தவர் நாமே. வெளியில் சொல்லக்கூடாதென்பது உத்தரவு. அந்நாட்களில் லயத்துப் பெரியவர் ஒருவர் ஆபீசுக்கு வந்து, “கிராணி ஐயா, பின்பக்கம் குசினியை இழுத்துக் கட்டலாம்னு இருக்கேன், கட்டலாமுங்களா?” என்று கேட்டார். “உங்கள் இஷ்டம்” என்றோம். அவர் தகரமும் சிமெண்டுமாக மூவாயிரம் வெள்ளி போட்டுக் கட்டினார். ஆறாவது மாதம் வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்தது. அதையும் டைப் அடித்தவர் நாமே. அவர் நம்மிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை; தெரிந்திருக்குமா என்று சந்தேகித்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

தம்பிக்கு இப்போது ஆண் குழந்தை. வண்டி இன்னும் அவனிடமே இருக்கிறது. பின் இருக்கையில் குழந்தை நாற்காலியைப் பொருத்தியிருக்கிறான். முன் இருக்கையை முழுதும் மடக்கி, பக்கவாட்டில் வளைந்துதான் பிள்ளையை உள்ளே வைக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நாம் போயிருந்தபோது குழந்தையை நம் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தவணை ஒழுங்காகக் கட்டிவருகிறான். கழுவி முடித்து, சாமோய்த் துணியால் துடைத்துக்கொண்டே, “அடுத்த மாசம் புது மாடல் வருதாம் அண்ணே” என்றான்.